தயாள் சிங் கல்லூரியின் பெயரை மாற்றக் கூடாது என்று மாணவர்கள் ஏன் சொன்னார்கள்?

கேள்வி: 2017இல் தில்லி தயாள் சிங் மாலைக் கல்லூரிக்கு ‘வந்தே மாதரம் மகாவித்யாலயா’ என்று பெயர் வைக்க முயன்றபோது மாணவர்கள் எதிர்த்தார்களே, வந்தே மாதரத்தில் என்ன தவறு? எங்கள் கல்லூரியிலும் பெயர் மாற்றப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மாணவர்களால் ஏதாவது செய்ய முடியுமா, அல்லது சும்மா கோஷம் போட்டுவிட்டு வகுப்புக்குப் போக வேண்டியதுதானா?

வந்தே மாதரத்தில் ஒரு தவறும் இல்லை. 1950 ஜனவரி 24 அன்று தேசியப் பாடல் என்ற தகுதி பெற்றது. அதை வேண்டாம் என்று எந்த மாணவனும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது ‘தயாள் சிங் என்ற பெயரை ஏன் எடுக்கிறீர்கள்’ என்று. ஆனால் புதிய பெயராக எதை வைத்தார்கள் பாருங்கள். அதை எதிர்த்து வாய் திறந்தாலே ‘தேசியப் பாடலை எதிர்க்கிறாயா’ என்று திருப்பிக் கேட்கலாம். பெயர் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்வார்கள். யாரும் மறுக்கத் தயங்கும் ஒரு பெயரைத் தேடிப் பிடிப்பார்கள். அப்புறம் பேச்சு முழுக்கப் புதிய பெயரைப் பற்றியே ஓடும், பழைய பெயரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

நடந்தது இதுதான். தில்லி லோதி சாலையில் ஒரே வளாகத்தில் இரண்டு கல்லூரிகள் இருந்தன, காலையில் தயாள் சிங் கல்லூரி, மாலையில் தயாள் சிங் மாலைக் கல்லூரி. 2017இல் மாலைக் கல்லூரியையும் பகல்நேரக் கல்லூரியாக மாற்ற முடிவானது. பகலில் ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கல்லூரிகள் எப்படி இருக்கும், குழப்பம் வருமே என்று சொல்லி, அந்த ஆண்டு நவம்பரில் ஆட்சிக்குழு புதிய பெயருக்குத் தீர்மானம் போட்டது.

குழப்பம் வரும் என்பது உண்மைதான். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் கொஞ்சம் ஒத்துப்போனாலே தபால் மாறிப் போகும், காசோலை மாறிப் போகும், சேர்க்கைக்கு வந்த பெற்றோர் தப்பான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு நம்மைத் திட்டுவார்கள். அதனால் அந்தக் காரணத்தைப் பொய் என்று தள்ள மாட்டேன். காலைக் கல்லூரியில் தயாள் சிங் பெயர் அப்படியே இருக்கத்தானே போகிறது, பெயர் எங்கே அழிகிறது என்று ஒருவர் கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். அதே தில்லியில் தேஷ்பந்து மாலைக் கல்லூரி, ராமானுஜன் கல்லூரி என்று மாறியிருக்கிறது. நம் கும்பகோணத்துக் கணித மேதையின் பெயர். தேஷ்பந்து காலைக் கல்லூரி பழைய பெயரோடு கால்காஜியில் இன்றும் இருக்கிறது.

அங்கே சரி என்றால் இங்கே ஏன் கூடாது?

இரண்டு பெயர்களும் வந்த வழி வேறு. தேஷ்பந்து கல்லூரியை 1952இல் மத்திய அரசின் மறுவாழ்வு அமைச்சகம் தொடங்கியது. தேஷ்பந்து குப்தா என்ற விடுதலைப் போராட்ட வீரரின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். அரசு தன் காசில் கட்டி, மரியாதைக்காக வைத்த பெயர். தயாள் சிங் பெயரை அப்படி யாரும் மரியாதைக்காகச் சூட்டவில்லை. அது காசு கொடுத்தவரின் பெயர். அவர் எழுதிவைத்த உயிலிலிருந்து வந்த பெயர்.

சர்தார் தயாள் சிங் மஜீதியா பஞ்சாபின் பெரிய நிலக்கிழார் குடும்பம். தந்தை லெஹ்னா சிங், மகாராஜா ரஞ்சித் சிங்கின் தளபதிகளில் ஒருவர். மகன் வாளை எடுக்காமல் அச்சகம், வங்கி என்று போனார். 1881இல் லாகூரில் ‘தி ட்ரிப்யூன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அது இன்று சண்டிகரிலிருந்து வருகிறது. பஞ்சாப் நேஷனல் வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் இயக்குநர் குழுவுக்கு முதல் தலைவரும் அவரே. 1893இல் லாகூரில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது வரவேற்புக் குழுத் தலைவராக இருந்தார். சீக்கியக் குடும்பத்தில் பிறந்து பிரம்ம சமாஜம் என்ற சமயச் சீர்திருத்த இயக்கத்தின் பக்கம் சாய்ந்தவர். பிள்ளை கிடையாது. 1898இல் இறக்கும்போது சொத்தில் பெரும்பகுதியை மூன்று காரியங்களுக்கு எழுதிவைத்திருந்தார்: பத்திரிகை, ஒரு நூலகம், ஒரு கல்லூரி. கல்லூரி எந்த மதத்தின் பக்கமும் சாராமல் நடக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

உயிலை அவருடைய மனைவி பகவான் கௌர் நீதிமன்றத்தில் எதிர்த்தார். வழக்கில் எழுந்த கேள்வி சுவாரசியமானது. தயாள் சிங் இந்துவா? சீக்கியரா? பிரம்ம சமாஜத்தோடு சேர்ந்ததால் இரண்டும் இல்லாமல் போய்விட்டாரா? எந்தச் சட்டப்படி உயிலைப் பார்ப்பது என்பதற்கு இதற்கு விடை தெரிய வேண்டியிருந்தது. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1903இல் உயில் செல்லும் என்று முடிந்தது. அதனால் அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1910இல்தான் லாகூரில் தயாள் சிங் கல்லூரி திறந்தது. வாழ்நாள் முழுக்க மதச் சீட்டு ஒட்டிக்கொள்ளாத ஒரு மனிதரைச் செத்த பிறகு எந்தப் பெட்டியில் போடுவது என்று வக்கீல்கள் அடித்துக்கொண்டார்கள். நூறு வருடம் கழித்து அவர் பெயரில் இருந்த கல்லூரிக்கு நடந்ததையும் இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அறக்கட்டளை தில்லிக்கு வந்து 1950களின் கடைசியில் மறுபடி கல்லூரி தொடங்கியது. 1978இல் தில்லிப் பல்கலைக்கழகம் நிர்வாகத்தை ஏற்றது. லாகூர் கல்லூரி என்ன ஆயிற்று? பாகிஸ்தான் அரசு 1970களில் கல்லூரிகளை அரசுடைமை ஆக்கியபோது அதுவும் அரசுக் கல்லூரி ஆனது. ஆனால் பெயரைத் தொடவில்லை. இன்றும் லாகூரில் அது தயாள் சிங் கல்லூரிதான். அவர் பெயரில் உள்ள நூலகமும் அங்கே இருக்கிறது. சர் கங்கா ராம் மருத்துவமனையும் அப்படியே அந்த ஊரில் பெயர் மாறாமல் நடக்கிறது. லாகூரில் பிழைத்த பெயர் தில்லியில் பிழைக்காதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் உருப்படியாகப் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பச்சையப்ப முதலியாரைச் சொன்னால் உடனே புரியும். 1794இல் இறந்தார். தர்மத்துக்கு எழுதிவைத்த பணம் பல கைகளில் சிக்கி, நீதிமன்றம் போய், அதன் பிறகுதான் 1842இல் பள்ளி வந்தது, பின்னாளில் அதுவே கல்லூரியானது. நாளைக்கு யாராவது அந்தக் கல்லூரிக்கு வேறு பெயர், அது திருவள்ளுவர் பெயராகவே இருக்கட்டும், வைக்கிறேன் என்றால் சென்னையில் எத்தனை பேர் தெருவுக்கு வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? வருகிறவர்கள் திருவள்ளுவருக்கு எதிரிகள் ஆகிவிடுவார்களா?

சரி, மாணவர்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். இது போன்ற எந்தப் போராட்டத்திலும் முதலில் சொல்லப்படுவது சான்றிதழ். ‘சேர்ந்தது ஒரு கல்லூரி, முடிப்பது இன்னொரு கல்லூரியா? வேலைக்குப் போனால் என்ன சொல்வது?’ என்பார்கள். இதை நான் பெரிய காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். கல்லூரிப் பெயர் மாறினாலும் ஏற்கெனவே கொடுத்த பட்டம் செல்லாமல் போகாது. ஆனால் அலைச்சல் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ போகிறவர்களின் சான்றிதழைச் சரிபார்க்கக் கடிதம் வரும். அதில் பழைய பெயர் இருக்கும், இணையத்தில் தேடினால் புதிய பெயர் வரும், ‘இப்படி ஒரு கல்லூரியே இல்லையே’ என்று சரிபார்க்கும் நிறுவனம் கேட்டு எழுதும். நான் அலுவலகத்தில் இருந்த காலத்தில், பெயர் மாறிய ஒரு கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், இரண்டு பெயரும் ஒரே கல்லூரிதான் என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்லி மூன்று முறை வந்து போனார். ஒரே வரிதான், ஆனால் அதை எழுதக் கையெழுத்து அதிகாரம் உள்ளவர் மூன்று முறையும் இருக்கையில் இல்லை.

பெயர் மாறினால் மாணவர்கள் எதற்கும் கொடி பிடிப்பார்கள் என்று சொல்வதும் தவறு. தில்லியில் இந்தச் சண்டை நடந்த அதே நவம்பர் 2017இல், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லைப் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, உத்தரவிட்டது. 123 நிறுவனங்கள். தமிழ்நாட்டிலும் நிறைய. பலகைகளை மாற்றினார்கள், கடிதத்தாள்களை மாற்றினார்கள். வந்தே மாதரம் விவகாரம் போல அது தலைப்புச் செய்தி ஆகவில்லை. அங்கே யாருடைய நினைவையும் யாரும் எடுக்கவில்லை, தகுதியைச் சொல்லும் ஒரு சொல்தான் போனது.

இதைவிடப் பொருத்தமான முன்கதை ஒன்று இருக்கிறது. 1965இல் மத்தியக் கல்வி அமைச்சர் எம்.சி. சாக்ளா காலத்தில், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகப் பெயரிலிருந்து ‘இந்து’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மதன் மோகன் மாளவியா காசி விஸ்வவித்யாலயா’ என்று வைக்க மசோதா வந்தது. மாநிலங்களவையில் நிறைவேறியும் விட்டது. மாளவியாதான் அந்தப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர். அவர் பெயரையே வைக்கிறோம், இதை யார் மறுப்பார்கள் என்று அரசு நினைத்திருக்கும். மாணவர்கள் மறுத்தார்கள். அவரே வைத்த பெயரை அழித்துவிட்டு அவர் பெயரை வைப்பது என்ன மரியாதை என்பது எதிர்த்தவர்களின் வாதம். கடைசியில் பெயர் மாற்றம் கைவிடப்பட்டது. அரசியலில் பார்த்தால் பனாரஸ் எதிர்ப்பும் தயாள் சிங் எதிர்ப்பும் எதிரெதிர் முகாம்கள். ஒரு இடத்தில் ‘இந்து’ இருக்கட்டும் என்றார்கள், இன்னொரு இடத்தில் மதம் சாராத கொடையாளியின் பெயர் இருக்கட்டும் என்றார்கள். இரண்டிலும் காப்பாற்ற நினைத்தது தொடங்கியவரின் வாக்கை. அதனால்தான் இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கிறேன், இரு தரப்பு நண்பர்களுக்கும் இது பிடிக்காது என்று தெரிந்தும்.

ஆனால் மாணவர்கள் எதிர்த்தாலே நியாயம் அவர்கள் பக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மராத்வாடாவைப் பாருங்கள். 1958இல் ஔரங்காபாதில் தொடங்கிய மராத்வாடாப் பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்க மகாராஷ்டிரச் சட்டமன்றம் 1978 ஜூலையில் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களிலும் மாணவர்கள் இருந்தார்கள். ‘எங்கள் வட்டாரத்தின் பெயர் போகிறதே’ என்றார்கள். சில நாட்களில் அந்த எதிர்ப்பு தலித் மக்களின் குடிசைகளுக்குத் தீ வைப்பதாக மாறியது. உயிர்கள் போயின, ஊர் ஊராக மக்கள் வீடு இழந்தார்கள். வட்டாரப் பெயர்தான் பிரச்சினை என்றால் குடிசைகள் ஏன் எரிய வேண்டும்? பதினாறு வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1994 ஜனவரி 14 அன்று ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடாப் பல்கலைக்கழகம்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்து வந்தது. வட்டாரமும் இருந்தது, அம்பேத்கரும் வந்தார். இதை 1978லேயே செய்திருக்க முடியாதா என்று கேட்பது இன்று எளிது.

நம் ஊரிலும் உண்டு. சென்னைச் சட்டக் கல்லூரி ‘டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி’ ஆகிப் பல வருடம் கழித்து, 2008இல் ஒரு மாணவர் தரப்பு அடித்த தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டார்கள். அதில் பற்றிய பகை நவம்பர் 12 அன்று கல்லூரி வாசலிலேயே கட்டை, கத்தியோடு மோதலாக வெடித்தது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. அதற்கு முன், 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் வந்து, கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. ஒரு பெயரை வைக்கத் துணிவில்லாமல் எல்லாப் பெயரையும் எடுத்ததாகத்தான் எனக்குப் பட்டது. இன்னொரு பக்கம், வேறு வழி என்ன இருந்தது என்றும் தெரியவில்லை.

ஆக, ‘வேண்டாம்’ என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: பழைய பெயரில் எதைக் காப்பாற்றுகிறீர்கள், அல்லது புதிய பெயரில் யாரைத் தள்ளி வைக்கிறீர்கள்? தயாள் சிங் மாணவர்களிடம் முதல் கேள்விக்கு நல்ல பதில் இருந்தது. மராத்வாடாவில் எதிர்த்தவர்களிடம் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே பதில் இருந்தது, அதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

தில்லியில் முடிவு எப்படி வந்தது என்பதும் உங்களுக்குப் பயன்படும். மாணவர்கள் கோஷம் போட்டதால் மட்டும் நிற்கவில்லை. அகாலி தளம், சீக்கிய அமைப்புகள் எல்லாம் எதிர்த்தன. அகாலி தளம் அப்போது மத்தியில் பாஜகவின் கூட்டணிக் கட்சி. உள்ளே இருந்தே எதிர்ப்பு வந்ததும் மனிதவள அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் மாநிலங்களவையில் இந்த மாற்றத்தில் அரசுக்கு உடன்பாடு இல்லை என்ற பொருளில் பேச, விஷயம் நிறுத்தி வைக்கப்பட்டது. வந்தே மாதரம் பெயர் நடைமுறைக்கு வரவில்லை. மாணவர்கள் செய்த பெரிய காரியம், வெளியே இருந்தவர்கள் கவனிக்கும்வரை விஷயத்தை அணையாமல் வைத்திருந்தது.

2020இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி நடந்தது. அதை இரண்டாகப் பிரிக்கச் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. இணைப்புக் கல்லூரிகளைக் கவனிக்கும் புதிய பல்கலைக்கழகத்துக்கு ‘அண்ணா பல்கலைக்கழகம்’ என்ற பெயராம், கிண்டியில் இருக்கும் பழையதற்கு ‘அண்ணா தொழில்நுட்ப மற்றும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்’ என்று புதிய பெயராம். அண்ணா என்பது இரண்டிலும் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் எதிர்த்தார்கள். 1978லிருந்து சேர்த்த ஆய்வுக் கட்டுரைகள், தரவரிசை, வெளிநாட்டு ஒப்பந்தங்கள் எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. அதைப் புதிதாகப் பிறக்கும் ஒரு நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? இந்த இடத்தில் சான்றிதழ் வாதத்துக்கு உண்மையிலேயே எடை இருந்தது. அந்த மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை.

இனி உங்கள் கல்லூரி. முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். அரசுக் கல்லூரி என்றால் ஓர் அரசாணையில் பெயர் மாறிவிடும், அதைத் தடுக்க அரசியல் அழுத்தம் தவிரப் பெரிய வழியில்லை. பல்கலைக்கழகம் என்றால் சட்டத் திருத்தம் வேண்டும், சட்டமன்றம், ஆளுநர் ஒப்புதல் என்று நேரம் கிடைக்கும். அரசு உதவி பெறும் கல்லூரியோ தனியார் கல்லூரியோ என்றால் அறக்கட்டளையின் தீர்மானத்தோடு முடிவதில்லை. இணைப்பு கொடுத்த பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும், யுஜிசி பட்டியலில் பெயர் திருத்த வேண்டும், பொறியியல் என்றால் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇ அமைப்பின் அனுமதியும் வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கக்கூடிய இடம். கல்லூரி வாசலில் நூறு பேர் உட்காருவது செய்தி ஆகும். ஆனால் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் கூட்டத்துக்கு முன் பதிவாளர் மேசையில் இருக்கும் இரண்டு பக்க மனு கோப்பில் ஏறும், அதைப் படிக்காமல் தாண்டினால் பின்னால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டி வரும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. கல்லூரிக்கு நிலமோ பணமோ கொடுத்தவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று கண்டுபிடியுங்கள். நிலம் எழுதிவைத்த பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுக்கலாம். அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ என்றால் ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பத்து ரூபாய்க் கட்டணம்தான். பெயரை மாற்றக் கூடாது என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால் உங்கள் கை ஓங்கிவிடும். பொது அறக்கட்டளை நிபந்தனையை மீறினால், அதில் அக்கறை உள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். இதற்குப் பழைய மாணவர்களில் ஒரு வக்கீல் கிடைத்தால் நல்லது. எந்தக் கல்லூரியிலும் நாலு பேராவது இருப்பார்கள்.

பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை, பழைய பெயர் யாரோ ஒரு பழைய அமைச்சரைக் குளிர்விக்க வைத்தது என்று தெரியவந்தால் என்னிடம் மறுபடி கேட்காதீர்கள். நான் உங்கள் பக்கம் வர மாட்டேன்.